ஷட்டர்காரர் பெயரில் ஒரு சலவைக்கடை

இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி மூலைச் சலவைக்கடை எது என்று கேட்டுப் பாருங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள். வக்கீலின் கறுப்பு அங்கியானாலும் கல்யாணப் பெண்ணின் தரை தொடும் கவுன் ஆனாலும் என் மேசைக்கு வந்துதான் போகும். கறையை விரலால் தடவிப் பார்த்தே எண்ணெயா, மையா, துருவா என்று சொல்லிவிடுவேன். போகும் என்று சொன்னால் போகும். போகாது என்று சொன்னால் வேறு எங்கே கொண்டுபோனாலும் போகாது. நான் வைத்த மடிப்பு நாலு தடவை துவைத்த பிறகும் நிற்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. இந்த நாட்டில் வந்து இறங்கியபோது நான் உடுத்தியிருந்ததுதான் எனக்கு இருந்த துணி. இன்று ஊரே தன் துணியை என்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் கடைக்கு மேலே போர்டில் இருக்கும் பெயர் என்னுடையது அல்ல. எங்கப்பாவுடையது. அவர் இந்தக் கடையில் கால் வைத்ததே கிடையாது, இந்த நாட்டையே பார்த்ததில்லை. இருந்தாலும் கடையைத் தினமும் திறக்கிறவன் நான் என்றால், திறந்திருக்கிறதா என்று பார்க்கிறவர் அவர். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கப்பாவுக்கு ஊரில் ஷட்டர்காரர் என்று பெயர். ஷட்டர் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஷட்டரை இழுத்து மூடுகிறவர். முதலில் வாடகை சைக்கிள் கடை வைத்தார், மூடினார். சோடாக் கடை வைத்தார், மூடினார். துண்டுத்துணிக் கடை, பிறகு ஸ்டவ் ரிப்பேர்க் கடை. அவரிடம் குடி கிடையாது, சீட்டு கிடையாது, சோம்பலும் கிடையாது. விடியும் முன்பே எழுந்து கடை வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு நிற்பார். ஆள்தான் வராது. வந்தாலும் நிற்காது. ஒரு கடையும் முதல் வருசத்தைத் தாண்டியதில்லை.

ஒவ்வொரு கடைக்கும் போர்டை அவரே எழுதுவார். தகரத்தில் நீலப் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் வெள்ளையில் தன் பெயர். இனிஷியல்கூட இல்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெறும் பெயர். கடை மூடும்போது தராசு, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் விற்றுவிடுவார். போர்டை மட்டும் விற்கமாட்டார், தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னொரு சுவர் வந்துருச்சு" என்பாள். அந்தப் போர்டுகளை நட்டுத்தான் எங்கள் வீட்டில் குளிக்கிற இடத்துக்கு மறைப்பு. நாலு கடைக்கு நாலு பக்கமும் ஆயிற்று. கண்ணில் சோப்பு எரிய எரிய நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கப்பா பெயர்தான் தெரியும். ஐந்தாவதாக ஒரு கடை வைக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர், "சுவர்தான் நாலும் முடிஞ்சிருச்சே, இது எதுக்கு, கூரைக்கா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்த ஐந்தாவது கடையை அவர் வைக்கவே இல்லை.

ஊரில் புதிதாகக் கடை திறக்கிறவர்கள், அவர் அந்தப் பக்கம் வருவது தெரிந்தால் உள்ளே போய்விடுவார்கள். முதல் போணி அவர் கையால் ஆகிவிடக் கூடாதாம். ஷட்டர்காரர் என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. என்னை மட்டும் சொல்வார்கள். "ஷட்டர் மகன் வர்றான்" என்பார்கள். எனக்கு ஒரு பெயர் இருந்தது. அம்மா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஊருக்கு நான் ஷட்டர் மகன். என் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் எங்கப்பா. அவர்தானே வைத்தார்.

அந்த நாலு தகரத்துக்குள்ளிருந்து வெளியே போனால் போதும் என்றுதான் கப்பல் ஏறினேன். இங்கே ஒரு பெரிய சலவைக் கம்பெனியில், தரைக்குக் கீழே இருந்த ஓர் அறையில் வேலை கிடைத்தது. நீராவியும் ஈரச் சுவரும்தான் அங்கே. மேஸ்திரி எங்களை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். நான் மூன்றாம் மிஷின். "மூணாம் மிஷின், இங்க வா" என்பார். எனக்கு அது ஷட்டர் மகனைவிட எவ்வளவோ மேலாக இருந்தது. என் முன்கையில் இன்றும் இருக்கிற தழும்புகள் அந்த அறையில் வாங்கியவை. அந்த வேலையை அங்கே எனக்கு மேல் கற்றவன் கிடையாது.

தனிக்கடை போடுவது என்று முடிவெடுத்தபோது எல்லோரும் பேப்பர் மாமாவைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் நம் பாஷைக்காரர். ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நம்மவர்களுக்கு அரசாங்க விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதே அவர் பிழைப்பு. கடை நடத்த என்னென்ன வேண்டும் என்று அவர்தான் சொன்னார். இடத்துக்கு ஒப்பந்தம் வேண்டும். சோப்புத் தண்ணீர் எந்தக் கால்வாயில் போகிறது என்று ஒருவர் வந்து பார்ப்பார். பாய்லரை இன்னொருவர் வந்து தட்டிப் பார்ப்பார். தீப்பிடித்தால் ஓட இரண்டாவது வாசல் உண்டா என்று மூன்றாவது ஆள் கேட்பார். எல்லாவற்றையும் முடித்தேன். ஒருவரும் என்னிடம் ஒரு குறை கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் உரிமச் சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்காகக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

நடுவில் பெரிய எழுத்தில் எங்கப்பா பெயர் இருந்தது. அதற்கு முன்னால் புள்ளி வைத்த ஒற்றை எழுத்து. அந்த எழுத்து நான்.

நடந்தது இதுதான். ஊரில் பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எழுதிக் கொடுத்தவர் "அப்பா பேர் என்ன?" என்று கேட்டு அதை அங்கே போட்டுவிட்டார். கப்பல்காரனோ துறைமுகத்து அதிகாரியோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த நாட்டில் ஆளை அழைப்பதே குடும்பப் பெயரால்தான். தனி ஆள் நடத்தும் கடை என்றால் அந்தப் பெயர்தான் வாசலுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது சட்டமாம். வேறு பெயர் வேண்டுமானால் அதற்குத் தனிப் பதிவு, அறிவிப்பு, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று காத்திருப்பது என்று ஒரு ராமாயணம். ஊரில் எங்கப்பா எனக்கு முன்னால் ஓர் எழுத்தாக நின்றார். இங்கே நான் அவருக்கு முன்னால் ஓர் எழுத்தாகிவிட்டேன்.

"இதுல என்ன இருக்கு? உங்கப்பா பேருதானே, ஊரான் பேரா?" என்றார் பேப்பர் மாமா.

அவருக்கு எங்கப்பாவைத் தெரியாது. அவரையும் இழுத்துக்கொண்டு நேரே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மாள் இருந்தார். எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருடைய மொழியில், இது என் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயர் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அப்படியானால் இந்தக் கடையின் உரிமையாளர் உங்கள் அப்பாவா, அவர் எங்கே, இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டுமே என்றார். இல்லை, அவருக்கும் கடைக்கும் சம்பந்தம் இல்லை என்றேன். அப்புறம் ஏன் அவர் பெயர் என்றார். எங்கள் வழக்கம் அப்படி என்றேன். அவர் கோப்பின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். உங்கள் அப்பா ஓர் அதிகாரி முன்னால் நின்று, இந்தக் கடை என்னுடையது அல்ல, அதில் என் பெயர் இருக்க வேண்டியதில்லை என்று சத்தியம் செய்து எழுதி அனுப்பினால் மாற்றலாம், அதுவரை இந்தப் பெயர்தான் என்றார். மாசம் முடிவதற்குள் போர்டு ஏறாவிட்டால் உரிமமே ரத்தாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றார் பேப்பர் மாமா, படியிறங்கும்போது.

போர்டு ஏறிற்று. என் மனைவி அப்போதுதான் ஊரிலிருந்து புதிதாக வந்திருந்தாள். எதிர்ப்பக்க நடைபாதையில் நிறுத்தி, பார் என்று காட்டினேன். இந்த நாட்டு எழுத்தை அவள் அப்போதுதான் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்தவள், மாமனார் பெயர் என்று தெரிந்து பாதியில் நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

"கவர்மெண்டு ரூல்."

"இந்த ஊரு கவர்மெண்டுக்கு மாமாவை எப்படித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. ஷட்டர்காரர் பெயர் எங்கே ஏறினாலும் அங்கே என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஊரில் எங்கள் தெருமுனையில் ஒரு டெலிபோன் கடை வந்திருந்தது. அந்தக் கடைக்காரரிடம் சொல்லி அப்பாவை வரவழைத்தேன். நானும் அவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, பேச விஷயம் இருந்ததில்லை, அவ்வளவுதான். நடந்ததைச் சொன்னேன்.

"என் பேருலயா?" என்றார்.

"ஆமா."

"முழுப் பேருமா?"

"முழுப் பேரும்தான். என் பேருதான் ஒத்தை எழுத்து."

"எவ்வளவு பெரிய எழுத்துடா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், மற்றதெல்லாம் எதற்கு என்றேன். அவர் குரல் மாறவில்லை. "போடுறேன். ஆனா இப்ப இல்ல. என் பேருல ஒரு கடை வருசம் தாண்டி நான் பார்த்ததில்ல. நீ வேலை தெரிஞ்சவன். ஒரே ஒரு வருசம் அது அங்க இருக்கட்டும். தாண்டிருச்சுன்னா நானே கையெழுத்துப் போட்டு அனுப்புறேன், கழட்டி எறிஞ்சிரு."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கா? என் உழைப்பு மொத்தமும் இதுலதான் கிடக்கு."

"எனக்கு மட்டும் அது விளையாட்டாவாடா இருந்துச்சு?"

அதோடு வைத்துவிட்டார்.

அதிலிருந்து வாரம் ஒரு தரம், நான் கடை திறந்த சற்று நேரத்தில், சுவரில் மாட்டியிருந்த போன் அடிக்கும். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் அவர் காத்திருக்கமாட்டார். முதலில் என் பெயரைச் சொல்வார். பிறகு, "கடை திறந்திருக்கா?" என்பார். "திறந்திருக்கு" என்பேன். வைத்துவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

அந்த முதல் வருசத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர்கள் உள்ளே வரும்போதே போர்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அங்கே தொங்குகிற கோட்டுகளைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். அதன்பிறகுதான் பதில் சொல்வேன். இந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. கோட்டு போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியில், நீராவிக்கு நடுவில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்பது தெரியும். ஆள் வருமா என்று எங்கப்பா நிற்கிற நிற்பு. திடுக்கிட்டு நகர்ந்தால் கண்ணாடியில் இருப்பவரும் நகர்வார். என் கை என் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். நான் எப்போது கட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் நண்பகலில், நான் இஸ்திரி மேசையில் குனிந்திருந்தபோது, கடையின் ஷட்டர் தானாகவே இறங்கிற்று. திடீரென்று விழவில்லை. யாரோ நிதானமாக இழுத்து மூடுவதுபோல், தடதடவென்று கடைசிவரை வந்து தரையில் உட்கார்ந்தது. கடை முழுக்க இருட்டு, பாய்லரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அப்போது எனக்கு நீலப் பெயின்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. கறை எடுக்கும் மருந்தின் வாசனையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த பாட்டில் மூடியிருந்தது. ரிப்பேர்க்காரர் வந்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றார். புது ஸ்பிரிங் போட்டோம். என் மனைவி அதற்குப் பிறகு ஷட்டருக்கு அடியில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி வைக்க ஆரம்பித்தாள். "மாமாவுக்குப் பழக்கதோஷம். நாம கொஞ்சம் முட்டுக் கொடுத்துக்குவோம்" என்றாள்.

இத்தனைக்கும் தொழில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. என் கை அப்படி. பழைய கம்பெனியிலிருந்தே துணிகள் என்னிடம் திரும்பி வந்தன. வருசம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அப்போதுதான் பாய்லர் பரிசோதகர் வந்தார். பாய்லரின் தகடுகள் சேரும் இடத்தில் முடி அளவுக்கு ஒரு கசிவு. எனக்கே தெரியவில்லை, அவர் கண்ணாடித் துண்டை நீட்டிப் பிடித்து அதில் ஆவி படிவதைக் காட்டினார். புது பாகம் வந்து மாட்டும்வரை கடை நடத்தக் கூடாது என்று ஷட்டரை இறக்கி, ஈயத்தால் முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டார். பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும்.

முடித்து வைத்திருந்த துணிகளை அவரவருக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? பின்வாசல் வழியாக உள்ளே போனேன். பாய்லர் ஆறிக் குளிர்ந்து கிடந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் வரிசையாக, அசையாமல் தொங்கின. சலவைக்கடைக்குள் எப்போதும் ஏதாவது ஒன்று சீறிக்கொண்டோ சொட்டிக்கொண்டோ இருக்கும். அன்று எதுவும் இல்லை. நான் டோக்கனைப் பார்த்துப் பார்த்துத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டாவது மணி முடிவதற்குள் எடுத்தேன்.

அப்பா என் பெயரைச் சொன்னார். "கடை திறந்திருக்கா?"

"திறந்திருக்குப்பா."

வழக்கமாக அந்த இடத்தில் வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை.

"மிஷின் சத்தம் கேக்கலையேடா."

"இப்பத்தான் நிறுத்தினேன். தண்ணி மாத்தணும்."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"இல்லடா. இது தண்ணி மாத்துற அமைதி இல்ல. மூடின கடைக்குள்ள ஒரு அமைதி இருக்கும். நாலு தடவை அதுக்குள்ள உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியும்."

கொஞ்ச நாளில் திறந்துவிடுவார்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "போர்டைக் கழட்டிரு. இன்னைக்கே போய்க் கையெழுத்துப் போடுறேன். என் பேரு போனாத்தான் நீ நிப்ப" என்றார். லைன் போய்விட்டது.

பாகம் வந்தது, மாட்டினார்கள். பரிசோதகர் முத்திரையை வெட்டினார். ஷட்டரை நானே தூக்கினேன். அதற்குள் வருசம் கடந்திருந்தது. முதல் ஆவி சீறிக் கிளம்பியதும், மிஷினை ஓடவிட்டபடியே ஊரில் டெலிபோன் கடைக்குப் போட்டேன். அப்பாவைக் கூப்பிடுங்கள், சத்தம் கேட்கட்டும் என்றேன்.

"தந்தி வரலையா?" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அப்பா அன்றைக்கே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டு, தபாலிலும் சேர்த்துவிட்டுத் திரும்பினார். வழியில் டெலிபோன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "அஞ்சாவதும் போச்சு" என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். அதற்கடுத்த ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. எனக்கு வந்து சேராத அந்தத் தந்தியைக் கொடுத்ததோடு, போன் பண்ணித் தகவல் சொல்லவும் என் நம்பரைத் தேடியிருக்கிறார்கள். அதை அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எப்போதும் அந்தச் சட்டையின் பையிலேயே வைத்திருப்பார். அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அவரை எரித்திருக்கிறார்கள். சீட்டு அதன் பையில் இருந்தது அதன்பிறகுதான் கடைக்காரருக்கு ஞாபகம் வந்ததாம். "நம்பரு அவர்கிட்டயே போயிருச்சு தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு தபால் வந்தது. எங்கப்பா தன் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டிருந்தார், போர்டில் எழுதுவதுபோல் ஓரத்திலிருந்து ஓரம் வரை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாளிடம் கொண்டுபோனேன். உயிரோடு இருந்தபோது செய்த சத்தியம், செல்லும் என்றார். புதிய போர்டில் என்ன பெயர் வர வேண்டும் என்று கேட்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் என் பெயர் யாரோ ஒருவர் பெயரைப்போல் இருந்தது.

போர்டு எழுதுகிறவர் ஏணியோடு வந்தார். மேலே ஏறி முதல் எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். நான் ஆசைப்பட்டது அதுதான், அதற்காகத்தான் அத்தனை அலைச்சல். கீழே நின்று தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் தூள் என் முகத்தில் விழுந்தது. உள்ளே போன் அடித்தது.

இரண்டாவது மணிக்கு எடுத்தேன். யாரும் பேசவில்லை. கிணற்றுக்குள் காதை வைத்ததுபோல் ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் எதற்கும் பயந்த ஆள் இல்லை. பழைய கம்பெனியில் பாய்லர் வெடிக்கும் என்று எல்லோரும் ஓடியபோது வால்வைத் திருகி அடைத்தவன் நான். ஆனால் அந்த ரிசீவரைத் திருப்பி வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "திறந்திருக்கு" என்றேன். இரைச்சல் நிற்கவில்லை. சொன்னால் அவர் நம்பமாட்டார், போன தடவையும் இதையேதானே சொன்னேன். ரிசீவரை இழுத்த மட்டும் இழுத்து, ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன். அது சீறியது, அடித்தது, மறுபடி சீறியது. என் கை வலிக்கும் வரை பிடித்திருந்தேன். மறுபடி காதில் வைத்தபோது லைன் வெட்டியிருந்தது.

வெளியே வந்து எழுத்துக்காரரிடம் சுரண்டியதை மறுபடி எழுதச் சொன்னேன். அவருக்குக் கோபம். ஏறினது வீணா என்றார். வீணில்லை, எழுது என்றேன். பதிவு அலுவலகத்திலும் பழைய பெயரே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்றும் நீங்கள் வந்து பார்க்கலாம். மற்ற எழுத்துகள் ஒரு நிறம், முதல் எழுத்து மட்டும் வேறு நிறம்.

அதற்குப் பிறகு அந்தப் போன் சில காலைகளில் இரண்டு தடவை மணி அடிக்கும். எடுத்தால் யாரும் இருக்கமாட்டார்கள். டெலிபோன் ஆபீஸ்காரர் வந்து கம்பியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, லைனில் ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்பதைத்தான் நானும் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. என் மனைவி முதலில் ராங் நம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என் கை ஈரமாக இருந்ததால் அவளே எடுத்தாள். எடுத்தவள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "திறந்திருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதன்பிறகு ராங் நம்பர் என்று அவள் சொன்னதில்லை.

அந்த முத்திரைக்குப் பிறகு கடை ஒரு நாள்கூட மூடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தாலும், பிள்ளை பிறந்தாலும், என் மனைவியைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த மறுநாளும் திறந்தேன். திறக்காமல் இருந்தால் அவர் கேட்பார் அல்லவா? என்ன பதில் சொல்ல முடியும்?

என் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் என்றார்கள். அவன் பெயருக்குப் பின்னாலும் எங்கப்பாவே போய் நின்றார். போன வருடம் அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது கடை போட்டான். எனக்கு அத்தனை மாதம் ஆன பதிவு, அவனுக்குக் கம்ப்யூட்டரில் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "முடிஞ்சிருச்சுப்பா, பாருங்க" என்று திருப்பிக் காட்டினான். அவன் பெயர் இருந்தது, எங்கப்பா பெயர் இருந்தது. என் பெயரைக் கேட்கிற கட்டம் எதுவும் அதில் இல்லை. மகனுக்கு நான் அப்பா. என் மனைவி இருந்தவரை "என்னங்க" தான், பெயர் சொன்னதே கிடையாது. தெருவுக்கு நான் போர்டில் இருக்கிற ஆள். இரண்டு கடைகள், அத்தனை மிஷின்கள், எல்லாம் நான் உண்டாக்கியவை. ஆனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

சுவரில் இருக்கும் போனை எடுத்துவிடலாம் என்று மகன் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "எல்லாரும் செல்லுலதான் கூப்பிடுறாங்க. இதுல யாருப்பா பண்றாங்க?" என்றான். வேண்டாம் என்றேன். போன மாதம் டெலிபோன் கம்பெனியே அந்தப் பழைய கம்பி லைன்களை எல்லாம் தெருவோடு நிறுத்திவிட்டது. போனைக் கழற்றினால் சுவர் காரை பெயரும் என்பதால் அது அப்படியே தொங்குகிறது. எடுத்துக் காதில் வைத்தால் இப்போது இரைச்சல்கூட இல்லை.

லைன் போன மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினேன். பாய்லரைப் போட்டுவிட்டுச் சூடேறக் காத்திருந்தேன். மிஷின்கள் இன்னும் ஓடவில்லை. அந்த நேரம் வந்தது, போன் அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? கண்ணாடியில் கிழவர் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார். அப்போது கோட்டு வரிசைக்குப் பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொன்னார்கள். போர்டில் இருப்பதை அல்ல, என்னுடையதை. முழுப் பெயரையும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. போய் மிஷினைப் போட்டேன். அது சீறி எழும்பும்வரை காத்திருந்து, பிறகு ரிசீவரை எடுத்து அதன் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

"திறந்திருக்குப்பா" என்றேன்.